இரவல் பெட்டியில் வீட்டுக் கடிதங்கள்

நம் கொங்கு நாட்டில் இரண்டு தலைமுறை கண்ட வீடுகளில் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இல்லாமல் இராது. நிலப் பத்திரம், வரி ரசீது, திருமுழுக்குச் சான்றிதழ், யாரோ ஒருவருடைய பள்ளி இறுதி வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நடுவே, சணல் கயிற்றால் கட்டிய கடிதக் கட்டு ஒன்றும் அதனுள் கிடைக்கும். நீல நிற உள்நாட்டுக் கடிதங்கள், ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடிட்ட வான் அஞ்சல் உறைகள், மில் வேலைக்கெனக் கோவைக்கு வந்த அப்பாரு ஊரிலிருந்த தம் தாய்க்கு எழுதிப் போட்ட அஞ்சலட்டைகள் எல்லாம் அதில் இருக்கும். பூச்சி அரித்தவை போக எஞ்சியவற்றை இன்றும் எடுத்துப் படிக்கலாம். மழை பொய்த்தது, கிணறு வற்றியது, மாட்டை விற்றது, தங்கைக்கு வரன் வந்தது ஆகிய செய்திகளையெல்லாம் எழுதியவரின் கையெழுத்திலேயே காணலாம்.

அந்தக் கட்டைப் பிரித்து, ஆண்டு வாரியாக அடுக்கிப் பாருங்கள். பல வீடுகளில் அது 1998 அல்லது 2000 அளவில் சட்டென நின்றுவிடும். அதன்பின் அவ்வீட்டார் கடிதமே எழுதவில்லையா? எழுதினார்கள்; முன்னைக் காட்டிலும் மிகுதியாகவே எழுதினார்கள். கோவையின் பொறியியற் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற காலம் அது. காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் கல்லூரிச் சாலைகளிலும் "பிரவுசிங் சென்டர்" என்ற பலகைகள் முளைத்தன. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, மரத்தடுப்புக்குள் அமர்ந்து, மகனுடைய மடலைத் திரையில் படித்துவிட்டு, அதை அச்சிட்டு வீட்டிலிருந்த அமுச்சிக்குப் படித்துக் காட்டிய பெற்றோர் பலர். கணக்கைத் திறந்து கொடுத்தவன் பக்கத்து வீட்டுப் பையனாக இருப்பான். கடவுச்சொல்லையும் அவனே வைத்திருப்பான்!

பிறகு 2010-க்குப் பின் கைப்பேசியும் வாட்ஸ்அப்பும் வந்தன; கடிதம் எழுதும் வழக்கமே தேய்ந்தது. ஆக, நம் குடும்பங்களின் வரலாற்றில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தகரப் பெட்டியிலும் இல்லை, கைப்பேசியிலும் இல்லை. முதன்முதல் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிய பெற்றோரின் கவலையும் அறிவுரையும், அந்நிய மண்ணில் முதல் குளிர்காலத்தைக் கண்ட பிள்ளைகளின் ஏக்கமும், பேரன் பிறந்த செய்தியும் யாரோ ஒரு நிறுவனத்தின் இலவச அஞ்சல் பெட்டியில் கிடக்கின்றன, அல்லது, கிடந்தன.

இலவசம் வந்த கதை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிற்று. அதற்குச் சந்தா கட்ட வேண்டும்; அஞ்சல் முகவரியும் அந்தச் சந்தாவோடு ஒட்டியது. அடுத்த ஆண்டிலேயே, 1996 ஜூலை 4 அன்று, அமெரிக்காவில் ஹாட்மெயில் தோன்றியது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா. மற்றவர் ஜாக் ஸ்மித். சொந்தக் கணினி வேண்டாம், சந்தா வேண்டாம், உலகின் எந்த மூலையில் உள்ள கணினியிலும் அமர்ந்து நம் கடிதத்தைப் படிக்கலாம் என்பதே அதன் புதுமை. 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. யாகூ, ரீடிஃப், இந்தியா டைம்ஸ் எனப் பலரும் இலவசப் பெட்டி வழங்க முன்வந்தனர்.

இலவசப் பெட்டி எவ்வளவு பெரியது? ஹாட்மெயில் தந்த இடம் இரண்டு மெகாபைட், யாகூ நான்கு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதனுள் அடங்காது. எனவே பெட்டி அடிக்கடி நிரம்பியது. புது மடல் வர வேண்டுமானால் பழைய மடலை அழித்தாக வேண்டும். பேரனின் புகைப்படம் ஒன்று வந்து சேர்வதற்காக, மகன் எழுதிய மூன்று மாதக் கடிதங்களை ஒரு தாத்தா தம் கையாலேயே அழிக்க நேர்ந்ததென்றால், அதில் அவர் குற்றம் என்ன? அன்றியும், 2000-இன் தொடக்க ஆண்டுகளில் ஹாட்மெயிலில் 30 நாள் தொடர்ந்து உள்ளே நுழையாவிட்டால் பெட்டியிலிருந்த மடல்கள் நீக்கப்பட்டன. பிரவுசிங் சென்டருக்குப் போக முடியாதபடி ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தவருக்கும், அறுவடைக்கு ஊருக்குப் போய்த் தங்கியவருக்கும் அந்தக் கணக்கு விலக்களிக்கவில்லை.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்து, ஒரு கிகாபைட் இடம் தருவதாகக் கூறியது. ஹாட்மெயில் தந்ததைப் போல் ஐந்நூறு மடங்கு! நாளும் முட்டாள்கள் தினமாக இருக்கவே, இது விளையாட்டோ என்று பலர் ஐயுற்றனர். அது விளையாட்டன்று. மற்ற நிறுவனங்களும் வேறு வழியின்றி இடத்தைப் பெருக்கின. அன்று முதல்தான் "எதையும் அழிக்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்" என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியது. இரண்டு மெகாபைட் காலத்தில் முக்கியமானதை அச்சிட்டு வைத்தவர்கள்கூட, ஒரு கிகாபைட் காலத்தில் அச்சிடுவதை விட்டுவிட்டார்கள். பெட்டி சிறிதாக இருந்தபோது போனவற்றைக் காட்டிலும், அது பெரிதான பின் போனவையே மிகுதி என்பது என் கணிப்பு.

திண்ணையில் வைத்த மூட்டை

இலவசப் பெட்டியை வாடகை வீட்டோடு ஒப்பிடுவோர் உண்டு. அந்த ஒப்புமை சரியன்று. வாடகைக்குச் சீட்டு உண்டு, முன்பணம் உண்டு, வெளியேற்றுவதற்கு முறை உண்டு. இலவசப் பெட்டியோ பழைய காலத்து வீட்டுத் திண்ணை போன்றது. வழிப்போக்கர் மூட்டையை வைக்கலாம், படுக்கலாம். வீட்டுக்காரர் காசு கேட்பதில்லை. ஆயினும் மூட்டைக்கு உரியவர் நெடுநாள் வராவிட்டால், வீட்டுக்காரர் திண்ணையைப் பெருக்கிச் சுத்தம் செய்வார். அதற்கு அவரைக் குறை சொல்லவும் இயலாது. நாம் சேரும்போது "சம்மதம்" என்று அழுத்திய விதிமுறையில் அது எழுதப்பட்டேயுள்ளது.

கூகுள் 2023 மே மாதத்தில் வெளியிட்ட அறிவிப்பு இதற்கு நல்ல சான்று. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை, அவற்றிலுள்ள மடல்கள், படங்கள், ஆவணங்களோடு நீக்குவதாகவும், 2023 டிசம்பர் முதல் அது தொடங்கும் என்றும் அறிவித்தது. கேட்பாரற்ற கணக்குகளைத் திருடர் கைப்பற்றுவது எளிது என்பது அவர்கள் கூறிய காரணம். அதில் உண்மையும் உண்டு. எச்சரிக்கை அனுப்பப்படும் என்றார்கள். எங்கே அனுப்புவார்கள்? அந்தக் கணக்கிற்கும், மீட்புக்கெனக் கொடுத்துள்ள மற்றொரு முகவரிக்கும்தான். திறக்கப்படாத பெட்டிக்குள் போடப்படும் எச்சரிக்கையை யார் படிப்பது? மைக்ரோசாஃப்டும் யாகூவும் இவ்வளவு பொறுப்பதில்லை. ஓராண்டு எட்டிப் பார்க்காவிட்டால் அஞ்சல் பெட்டி போய்விடலாம்.

யாகூ 2013-இல் இன்னொன்றும் செய்தது. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத முகவரிகளை விடுவித்து, விரும்பிய வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. பழையவருக்கு வரவேண்டிய மடல்கள் புதியவருக்குப் போய்ச் சேர்ந்த நிகழ்ச்சிகள் அப்போது செய்தித்தாள்களில் வந்தன. நம் வீட்டுக் கதவு எண்ணை முன்பின் அறியாதவருக்குக் கொடுத்தது போலாயிற்று.

சில வேளை திண்ணையே இடிந்து போவதும் உண்டு. இந்தியா டைம்ஸ் தன் இலவச அஞ்சல் சேவையை 2013-இல் மூடிவிட்டது. தமிழர்கள் உலகெங்கும் இருந்து மடல் வழியே கூடிப் பேசிய "அகத்தியர்", "மரத்தடி", "ராயர் காப்பி கிளப்" போன்ற குழுக்கள் யாகூ குழுமத்தில் இயங்கின. அந்தக் குழுமங்களின் பழைய மடல்களை நீக்கப்போவதாக யாகூ 2019-இல் அறிவித்தது. 2020 டிசம்பரில் குழுமச் சேவையே நின்றது. தக்க நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டவர்களிடம் இருப்பவை மட்டுமே மிச்சம்.

நிறுவனங்களின் கைப்பிழையும் உண்டு. 2010 டிசம்பர் இறுதியில் ஹாட்மெயில் கணக்குகள் 17,355 வெறுமையாகிவிட்டன. சோதனைக்கென உருவாக்கிய பொய்க் கணக்குகளை நீக்கும் ஒரு கட்டளை, உண்மையான கணக்குகள் சிலவற்றின் பதிவையும் சேர்த்து நீக்கிவிட்டதே காரணம். புத்தாண்டு வாழ்த்துப் படிக்கத் திறந்தவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்களை வரவேற்கும் மடலைக் கண்டு திகைத்தார்கள். சில நாள்களில் மடல்கள் மீட்கப்பட்டன. இரண்டு மாதம் கழிவதற்குள், 2011 பிப்ரவரி 27 அன்று, ஜிமெயிலிலும் அதே கதை, பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் பெட்டி காலியாயிற்று. கூகுள் ஒவ்வொரு மடலுக்கும் பல ஊர்களில் பல படிகளை வைத்திருந்தது. ஆயினும் மென்பொருளில் நேர்ந்த பிழை எல்லாப் படிகளையும் ஒருங்கே பாதித்தது! இறுதியில் அவர்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? காந்த நாடா. நாம் பாட்டுக் கேட்ட ஒலிநாடாவின் உறவினன்தான். அது கணினியோடு இணைக்கப்படாமல் தனியே கழற்றி வைக்கப்பட்டிருந்ததால், பிழை அதைத் தொடவில்லை.

இந்த நிகழ்ச்சியை நம் வீட்டிற்கும் பொருத்திப் பார்க்கலாம். "என் மடல்கள் கைப்பேசியிலும் இருக்கின்றன, கணினியிலும் இருக்கின்றன" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அவை இரண்டும் ஒரே பெட்டியைக் காட்டும் இரண்டு சன்னல்கள். கைப்பேசியில் குழந்தை விளையாட்டாக அழித்தால் கணினியிலும் அழிந்துவிடும். ஜிமெயிலில் குப்பைக்குப் போனவை 30 நாளில் அடியோடு நீக்கப்படும். இணைப்பிலிருந்து விலகித் தனியே இருப்பதே உண்மையான இரண்டாம் படி.

நிரம்பி வழிதல், சாவி தொலைதல்

இன்று நம் குடும்பங்களில் நடக்கும் இழப்புகளில் பெரும்பகுதி இவ்விரண்டு வழிகளிலேயே நிகழ்கிறது.

ஜிமெயில் தரும் இலவச இடம் 15 கிகாபைட். அது அஞ்சலுக்கு மட்டுமே உரியதன்று. அதே கணக்கில் சேமிக்கும் ஆவணங்களுக்கும், 2021 ஜூன் முதல் சேமித்த புகைப்படங்களுக்கும் பொது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் எடுத்து வைக்கும் காப்புப் படியும் 2024 முதல் இதே கணக்கில் சேர்கிறது. காலை வணக்கம் சொல்லும் பூப்படங்களும், உறவினர் திருமணக் காணொளிகளும் சேர்ந்து 15 கிகாபைட்டை நிரப்பிவிட, வங்கியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் வரவேண்டிய மடல்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. பதற்றத்தில் பிள்ளைகள் பெற்றோரின் கைப்பேசியை வாங்கி, பழைய மடல்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் நீக்குகிறார்கள். இடத்தை அடைத்தவை காணொளிகள், பலியானவை கடிதங்கள்! பல ஆண்டுக் கடிதங்கள் முழுவதும் சேர்ந்தாலும் ஒரு காணொளியின் இடத்தைக்கூட அடைப்பதில்லை என்பதை அப்போது யாரும் எண்ணுவதில்லை.

சாவி தொலைவது அதைவிடப் பரிதாபம். கடவுச்சொல் மறந்தால், நம் கைப்பேசிக்கு ஓர் எண் வரும்; அதைக் கொடுத்தால் திறக்கும். ஆனால் கணக்கில் பதிந்துள்ளது எந்த எண்? 2006-இல் வாங்கி, 2012-இல் கைவிட்ட எண். பயன்பாடு இன்றித் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்த பின் வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது நம் நாட்டின் தொலைத்தொடர்பு நடைமுறை. ஆகவே நம் பெட்டியின் சாவி, எங்கோ அறிமுகமற்ற ஒருவரின் சட்டைப்பையில் மணியடிக்கிறது. மீட்பு முகவரியாகக் கொடுத்தது பழைய அலுவலக முகவரி. அந்த வேலையை விட்டே பத்தாண்டு ஆகியிருக்கும். பாதுகாப்புக் கேள்விக்கான விடையை அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்தான் அறிவான். அவன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறானோ!

இத்தகைய நிலையில் உள்ளவர்கள் மனம் தளர வேண்டாம். கூகுள் கணக்கை மீட்க முயலும்போது, முன்பு அந்தக் கணக்கைத் திறந்த அதே கணினியிலோ கைப்பேசியிலோ, வழக்கமாகத் திறந்த வீட்டிலிருந்தே முயன்றால் வெற்றிக்கு வாய்ப்பு மிகுதி என அந்நிறுவனமே கூறுகிறது. அலமாரியில் முடங்கிக் கிடக்கும் பழைய கணினியைப் பழைய சாமான்காரருக்குப் போடுமுன், அதில் அஞ்சல் பெட்டி இன்னும் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. பணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவதாகக் கைப்பேசியில் அழைப்பவர்களை மட்டும் நம்பவே வேண்டாம். அவர்களுக்கு அந்தப் பெட்டியைத் திறக்க வழியில்லை, உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கவே வழி தேடுகிறார்கள்.

மற்ற தரப்பில் கேட்பதும் ஒரு வழி. மடல் என்பது இருவர் கையில் இருப்பது. அப்பா அனுப்பியது அவர் பெட்டியில் அழிந்தாலும், மகள் பெட்டியில் வந்து சேர்ந்த படி இருக்கும். டல்லாஸில் இருக்கும் மகளையோ, துபாயில் இருக்கும் மருமகனையோ ஒருநாள் மெனக்கெட்டுத் தேடச் சொன்னால், தொலைந்ததில் பாதியாவது திரும்பும்.

கருமத்தம்பட்டியிலிருந்து சென்ற கடிதங்கள்

இந்த இடத்தில் நம் மறைமாவட்டத்தின் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. மரியோன் தெ பிரெசியாக் என்ற பிரெஞ்சு மறைப்பணியாளர் 1842-இல் புதுச்சேரி வந்து, 1845-இல் கோவைப் பகுதியின் பொறுப்பை ஏற்று, 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலை பெற்றார். பின்னர் தாயகம் திரும்பி, ஆப்பிரிக்கப் பணிக்கென 1856-இல் ஒரு சபையை நிறுவி, 1859 ஜூன் 25 அன்று சியரா லியோனில் காய்ச்சலால் இறந்தார். அவருடைய உடைமைகளில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஆனால் இந்தியாவில் அவர் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் மிஞ்சின. பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்த அந்தத் தாள்களை, பெற்றவர்கள் எறியாமல் வைத்தார்கள், பின்வந்தவர்கள் அச்சிட்டார்கள். 1840-களில் நம் ஊர் எப்படி இருந்தது என்பதை இன்று நாம் அறிவதற்கு அவையும் ஒரு வாயில்.

தாள் என்றால் அழியாது என்பதன்று. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட கொடுமையை உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். அவரோ தமக்கு வந்த கடிதங்களையும் பேணி வைத்தவர். அவை சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் இன்றும் உள்ளன. தாளாயினும் ஓலையாயினும், வேண்டும் என்று ஒருவர் எடுத்து வைத்ததே நின்றது. இன்றைய இலவசப் பெட்டியில் "எடுத்து வைப்பவர்" என்று ஒருவரும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழி

ஜிமெயில் வைத்திருப்போர்க்கு "டேக்அவுட்" என்ற வசதியைக் கூகுளே தருகிறது. கணக்கைத் திறந்து, அஞ்சல் மட்டும் வேண்டும் என்று குறித்து வேண்டினால், சில மணி நேரத்திலோ சில நாளிலோ முழுப் பெட்டியும் ஒரே கோப்பாக இறங்கும். அக்கோப்பு "எம்பாக்ஸ்" என்ற பழைமையான, எளிய வடிவம். இன்னும் பல்லாண்டு கழித்தும் அதைப் படிக்க மென்பொருள் இருக்கும் என்று நம்பலாம். யாகூ முதலிய மற்றப் பெட்டிகளுக்கு, "தண்டர்பேர்டு" என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, அதில் கணக்கைச் சேர்த்து, எல்லா மடல்களையும் கணினியிலேயே ஒரு தனிக் கோப்புறைக்குப் படியெடுத்து வைக்கலாம். நகர்த்தாமல் படியெடுக்க வேண்டும். நகர்த்தினால் அங்கே காலியாகிவிடும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முடிந்துவிடும் வேலை இது.

இறக்கியதை எங்கே வைப்பது? 2003-இல் குறுந்தகட்டில் பதிந்து வைத்தவர்கள் இன்று அதைப் போட்டுப் பார்க்கட்டும். வீட்டில் பதிவு செய்த குறுந்தகட்டின் சாயம் நாளடைவில் மங்கும், பலவற்றைக் கருவி படிப்பதில்லை. பென் டிரைவும் நெடுங்காலச் சேமிப்புக்கு உரியதன்று. வெளியே கழற்றி வைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று வீட்டிலும், மற்றொன்று உடன்பிறந்தார் ஒருவர் வீட்டிலும் இருந்தால் போதும். ஆண்டுக்கொருமுறை இணைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலாக, ஆயிரம் மடல்களில் ஐம்பதைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டுத் தகரப் பெட்டியில் வைப்பதையே நான் முதலிடத்தில் வைப்பேன். லேசர் அச்சு நிற்கும். கடையில் ரசீது தரும் வெப்பத்தாள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும்.

தமிழில் எழுதிய பழைய மடல்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ் எழுத்துகளுக்கு ஒரே முறை இல்லை. திஸ்கி, டாப், டாம் என்று பல குறியீடுகள். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் "முரசு அஞ்சல்" போன்ற மென்பொருள்களைக் கொண்டு எழுதினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மடல் பொருளற்ற கீறல்களாகத் தெரியும். கெட்டுப்போயிற்று என்று எண்ணி அதை அழித்தவர்கள் உண்டு. கெடவில்லை, யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. 2010 ஜூனில் நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான், யூனிகோடைத் தமிழுக்குரிய தரமாகத் தமிழக அரசு ஏற்றது. அதற்கு முந்திய மடல் எதையும், மாற்றிப் பார்க்காமல் எறியாதீர்கள்.

திருப்பூரிலும் கோவையிலும் தொழில் செய்வோர்க்கு இது பாசத்தைப் பற்றியது மட்டுமன்று, பணத்தைப் பற்றியதும் ஆகும். பனியன் ஏற்றுமதியில் விலையும் அளவும் அனுப்பும் நாளும் மடலிலேயே முடிவாகின்றன. மடல்கள் வழியாகவே முழுமையான ஒப்பந்தம் உருவாகக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரியில், டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பளித்தது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. சிறு தொழிற்கூடங்கள் சில இன்னும் உரிமையாளரின் மைத்துனர் என்றோ தொடங்கிய இலவச முகவரியில் வணிகம் நடத்துகின்றன. மைத்துனர் பிரிந்து போனால் வழக்குக்கு வேண்டிய சான்றும் அவரோடு போய்விடும்.

உரியவர் மறைந்த பின்

அமெரிக்கப் படைவீரர் ஜஸ்டின் எல்ஸ்வொர்த் 2004 நவம்பரில் ஈராக்கில் உயிரிழந்தார், வயது 20. மகனின் யாகூ பெட்டியிலிருந்த மடல்களைத் தருமாறு தந்தை கேட்டார். கணக்கு உரியவரோடு முடிந்தது, பிறருக்குத் தர விதியில்லை என்றது நிறுவனம். தந்தை மிச்சிகன் மாநில நீதிமன்றம் சென்றார். 2005 ஏப்ரலில் நீதிபதி ஆணையிட்ட பின்னரே மடல்கள் குறுந்தகட்டில் அவர் கைக்கு வந்தன. ஒரு தந்தையின் துயரம் ஒருபுறம். இறந்தவருக்கும் அந்தரங்கம் உண்டு என்ற நியாயம் மறுபுறம். நிறுவனம் சொன்னது முற்றிலும் தவறென்று என்னால் கூற இயலவில்லை. மகன் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் நீதிமன்றமே வேண்டியிருந்திராது.

நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இறப்பிற்குப் பின் அல்லது செயலிழந்த நிலையில் தம் தரவு உரிமைகளைச் செலுத்துவதற்கு ஒருவரை நியமிக்கும் உரிமையை வழங்குகிறது. வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் செய்வது போன்றதே. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இப்பிரிவு நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

அதுவரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. "செயல்படாக் கணக்கு மேலாளர்" என்ற வசதியைக் கூகுள் 2013 முதல் தருகிறது. 3, 6, 12, 18 மாதம் என்று ஒரு காலத்தை நாமே குறிக்கலாம். அவ்வளவு காலம் கணக்கு அசையாதிருந்தால், நாம் பெயர் கொடுத்த பத்துப் பேர் வரைக்கும் அறிவிப்புப் போகும். எதை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் நாமே வரையறுக்கலாம். மனைவிக்கு அஞ்சல் மட்டும், மூத்த மகளுக்குப் படங்கள் மட்டும் என்று பிரித்தும் கொடுக்கலாம். பெயர் கொடுக்கும்போது அவர்களுடைய கைப்பேசி எண்ணையும் கேட்பார்கள். அந்த எண் மாறும் ஒவ்வொரு முறையும் இங்கேயும் மாற்ற வேண்டும்.